நைனாவின் முதுகுக்கு ஓர் ஆட்டுத் தோல்

எங்கள் வீட்டு மாடியில் ஆட்டுத் தோலைப் பதப்படுத்தினோம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் மூக்கைத் தொட்டுக்கொள்கிறார்கள். பிறகுதான் ஏன் என்று கேட்கிறார்கள். நாற்றம் முதல் மூன்று நாள்தான். அதற்குப் பிறகு வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிவிடுகிறது. தெருவுக்குப் பழகுவதில்லை.

நான் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருஷமாகப் படிகாரத்தின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தோல் பதனிடுதலில் பயன்படுகிறது என்று நாலாவது வரியில் வரும். அந்த நாலாவது வரியைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. என் அப்பாவின் முதுகுக்குக் கீழே ஒரு புண் வந்தது. அதனால் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நைனா ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் சொந்த நிலத்தில் விவசாயம் செய்தவர். எழுபத்தெட்டு வயதில், மாசி மாதம், வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டப் போனவர் பம்புசெட்டுப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்தால் இதயம் தாங்காது, படுக்கையில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. தம்பி பெங்களூரில் இருக்கிறான். திருத்தணியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

பெண் கொடுத்த வீட்டில் போய்ப் படுப்பதா என்று ஊரில் நாலு பேர் பேசினார்கள். எங்கள் விஷயத்தில் அது அவர் தங்கை வீடும்தான். நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை. சிறுவயதில் பாவா என்று கூப்பிட்ட பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. ஆகவே என் மாமியார்தான் என் அத்தை, நைனாவின் கூடப்பிறந்த தங்கை. அத்தை மாதாமாதம் கிருத்திகைக்கு விரதம் இருப்பவர். மலைக்கு இன்றுவரை படியேறித்தான் போகிறார், வந்து இரண்டு நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறார். பாவா கடைத்தெருவில் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பொதட்டூர்பேட்டையில் எந்தத் தறி எந்த ஆணி போனதால் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவுதான்.

சித்திரையில் புண் வந்தது. முதலில் சிவப்பாக இருந்தது, வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டோம். ஒரு வாரத்தில் தோல் பிரிந்து நெல்லிக்காய் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போகும் நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துப் பேசினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இரவும் பகலும். முதுகுக்கு அடியில் காற்றுப் புகுகிற மாதிரி மெத்தென்று ஏதாவது இருந்தால் நல்லது. வெளிநாட்டில் கம்பளி முடியோடு ஆட்டுத் தோலையே விரிப்பார்களாம். இப்படி இரண்டு விஷயம் சொன்னார். முதல் விஷயத்துக்கு நாங்கள் நன்றாகத் தலையாட்டினோம்.

தம்பி வீடியோவில் புண்ணைப் பார்த்தான். அப்புறம் சென்னையில் ஓர் இடம் இருக்கிறது என்றான். இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ், ஏசி, ஜன்னலைத் திறந்தால் புல்தரை. போட்டோக்களும் அனுப்பினான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். தூரத்தில் இருக்கிறவனுக்குப் புண் மட்டும்தான் கண்ணில் படும். ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன், அதற்குள் மூடியிருந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் கையோடு கூட்டிப் போய்விடுகிறேன் என்றான். நானும் சரி என்றேன். மறுத்துச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

நைனா போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. அங்க போனவங்க திரும்பி வந்த போட்டோ இருந்தா காட்டு" என்றார்.

அத்தை சிரித்துவிட்டார். அத்தை அடுப்படிக்குப் போன பிறகு நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அனுப்பிடாதம்மா" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சரி நைனா என்று சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அதற்கு முன்பே காற்று மெத்தை வாங்கிப் பார்த்திருந்தோம். அதற்கு ஒரு சின்ன மோட்டார் உண்டு, நாள் முழுதும் ஓடும். நைனா கண் அசந்தால் போதும், மோட்டார் சத்தம் காதில் விழுந்து பம்புசெட்டு ஓடுகிறது, மடை உடைந்து தண்ணீர் வீணாகிறது என்று எழுந்திருக்கப் பார்ப்பார். இடுப்பு உடைந்தவர் எழுந்திருக்கப் பார்த்தால் என்ன ஆகும்? நாலாம் நாள் மெத்தையைக் கழற்றிவிட்டோம். பிறகு பாவா இன்டர்நெட்டில் மருத்துவ ஆட்டுத் தோல் என்று ஒன்றை வரவழைத்தார். தீக்குச்சியால் ஓர் இழையைச் சுட்டுப் பார்த்தேன். உருகி உருண்டையாக நின்றது. சுத்தமான பாலியஸ்டர். நைனா அதில் ஒருநாள் படுத்துவிட்டு, பஸ் சீட்டில் படுத்த மாதிரி இருக்கிறது, எப்போது இறங்கலாம் என்று கேட்டார்.

அப்போதுதான், நாமே செய்தால் என்ன என்று நான் சொன்னேன். இதை நான் சொன்னேன் என்பதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பின்னாளில் பாவா சொன்னதாகத் தெருவில் பேச்சு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கறிக்கடைக்குப் போய், தோலை உரித்து முழுசாகத் தரச் சொன்னோம். கடைக்காரர் தோல் ராணிப்பேட்டை வண்டிக்குப் போகிறது என்றார். பிறகு, உங்களுக்கு எதற்கு என்றார். நைனாவுக்குக் கம்பளி மாதிரி விரிக்க என்று சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, கட்டிப்போட்டிருந்த செம்மறியை எனக்குக் காட்டினார். செம்பட்டை நிறம், உடம்போடு ஒட்டின குட்டை முடி. நாய்க்கு இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. நாற்பத்தெட்டு வருஷமாக இந்த ஆடுகளுக்கு நடுவில் வாழ்ந்திருக்கிறேன், நைனாவே முப்பது உருப்படி வைத்திருந்தவர். ஆனாலும் செம்மறி ஆடு என்றதும் என் மனசில் வந்தது பாடப்புத்தகத்து வெள்ளைப் பஞ்சுப் பொதிதான். வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். கம்பளி ஆடு வேண்டுமென்றால் ஆந்திராவுக்குள்ளே போகணும், நம்ம ஆட்டுத் தோல்ல படுத்தா பாய்ல படுத்த மாதிரிதான் என்றார்.

பாவா அடுத்த வாரம் பைக்கில் எல்லையைத் தாண்டி ஆந்திரா பக்கத்துச் சந்தைக்குப் போனார். அவருக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. மேற்கே இருந்து மந்தை ஓட்டி வரும் ஆட்கள் கொண்டுவந்த கறுப்புக் கம்பளி ஆடு ஒன்று அன்று கறிக்குப் போனதால் தோல் கிடைத்தது. உப்புப் போட்டு மடித்து யூரியா சாக்கில் கட்டிக் கொடுத்தார்களாம். வரும் வழியில், செம்மரக் கட்டை இருக்குமோ என்று சோதனைச் சாவடியில் மூட்டையைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாதி பிரித்ததுமே திரும்பக் கட்டச் சொல்லிவிட்டார்களாம்.

படிகாரம் வாங்க நாட்டு மருந்துக் கடைக்கு நான் போனேன். இரண்டு கிலோ என்றதும் கடைக்காரர் எத்தனை வாசலுக்கு என்று கேட்டார். எங்கள் ஊரில் திருஷ்டிக்குப் படிகாரக் கட்டியைக் கறுப்புக் கயிற்றில் கட்டி நிலைப்படியில் தொங்கவிடுவார்கள், அதற்குத்தான் படிகாரம் விற்கும். ஒரு வாசல்தான் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சும்மாவே கொடுத்தார்.

வேலை மாடியில் நடந்தது. ஒரு பருமனான பிவிசி பைப்பைச் சுவரில் சாய்த்து, அதன்மேல் தோலைக் கம்பளி உள்ளே போகிற மாதிரி போட்டு, மழுங்கின கத்தியால் சதைப் பக்கத்தைச் சுரண்டினோம். ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் எடுக்காவிட்டால் படிகாரம் உள்ளே இறங்காது. நான் சுரண்டிய வேகத்தில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்தது. பாவா கத்தியை வாங்கிக்கொண்டார். பிறகு ஷாம்பூ போட்டுக் கம்பளியை அலசினோம். ஏழு தண்ணீருக்கும் சேறாகவே வந்தது. அப்புறம் படிகாரமும் உப்பும் கரைத்த நீரில் ஒரு வாரம். காலையும் மாலையும் கிளறிவிட வேண்டும். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை மூன்று நாளும் கிளறக்கூடாது என்றார் அத்தை. அந்த நாட்களில் அவர் மலையைப் பார்த்துக் கும்பிடுகிற நேரம் பார்த்துக் கிளறினேன். என் நகக்கண்ணில் இருந்த வாசனையால் வகுப்பில் முதல் பெஞ்சு மூன்றாம் பெஞ்சுக்குப் போய்விட்டது.

எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் வந்தார். ஓய்வுபெற்ற மனிதர், மரியாதையாகப் பேசுவார். கறிக்கடை வரிசையில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் நிற்பவரும் அவர்தான். டீச்சர், இது நம்ம ஆளுங்க பண்ற வேலையா என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் பண்ற வேலை என்று திருப்பிக் கேட்டேன். அவர் தெருவைத் தாண்டிப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. தோல் வேலை செய்தவர்களின் வீட்டில் நானும் நைனாவும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை. அவர்கள் ஊருக்கு வெளியே இருந்ததைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. இப்போது என் வீட்டில் தேவை வந்ததும் அது வேதியியல் ஆகிவிட்டது.

ஊறின தோலை நிழலில் காயவைத்து, ஈரம் போகிறதுக்கு முன்னால் முட்டையின் மஞ்சள் கருவும் விளக்கெண்ணெயும் கலந்து சதைப் பக்கம் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு மர நாற்காலியின் முதுகில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து விட வேண்டும். இதை நானும் பாவாவும் ஆளுக்கொரு முனை பிடித்து இரண்டு நாள் செய்தோம். கல்யாணமாகி இவ்வளவு வருஷத்தில் இவ்வளவு நேரம் நேருக்கு நேர் நின்றது அப்போதுதான் என்று பாவா சொன்னார். மூன்றாம் நாள் தோல் வெள்ளையாகி வேட்டி மாதிரி மடிந்தது. மறுபக்கம் கறுப்புக் கம்பளி மூன்று விரல் உயரத்துக்கு நின்றது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. என்னை மறந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

நைனாவை அதன்மேல் படுக்கவைத்தோம். எப்படி இருக்கிறது என்றதற்கு, ஆடு குடுத்து வெச்சது என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் நர்ஸம்மா புண்ணை அளந்தார். பெரிதாகவில்லை. ஓரம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் இதைப் பற்றி நாலு பேருக்குப் பாடமே நடத்தினேன்.

ஆனிக் கிருத்திகைக்கு முதல் நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது மாடிக் கொடியில் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளாக இருந்தது.

கிருத்திகைக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் கழுவுவார்கள். தரை, கதவு, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, கொசுவலை. நோயாளி படுத்திருந்த விரிப்பு என்றால் கேட்கவே வேண்டாம். அத்தைக்கு அந்தத் தோல் வீட்டுக்குள் இருப்பதே ஒரு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது. தூக்கிப் போடவும் மனசில்லை, அண்ணன் அதில் சுகமாகப் படுத்திருக்கிறாரே. அதனால் யோசித்து, சோப்புத் தூளில் ஊறவைத்து, துவைக்கிற கல்லில் அடித்து, மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த எல்லாச் சுத்தமும் அதில் இருந்தது. படிகாரத்தில் பதப்படுத்திய தோலைத் தண்ணீரில் அலசினால் படிகாரம் கரைந்து வெளியே வந்துவிடும். தோல் மறுபடி பச்சைத் தோலாகிவிடும். மாலையில் அதை இறக்கியபோது மடங்கவில்லை. பாவா விரலால் சுண்டினார், பம்பை மாதிரிச் சத்தம் வந்தது. கம்பளி கைப்பிடி கைப்பிடியாக உதிர்ந்தது.

நான் அத்தையைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டேன். படிப்பறிவு இருந்தால் இப்படிச் செய்வீர்களா என்றேன். அத்தை அழவில்லை. தோலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கண்ணன் படுக்கிறது சுத்தமா இருக்கணும்னுதான் பண்ணேன். தண்ணி படக்கூடாதுன்னு நீ யாருகிட்டச் சொன்ன?" என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தண்ணீரில் கரைகிற உப்பு தண்ணீரில் கரையும் என்பது பதினோராம் வகுப்புக்கே தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு விரிப்பது நனையாமல் இருக்குமா என்பதை நான் யோசிக்கவே இல்லை. அத்தையிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குள் புண் ஓரத்தில் மறுபடி கறுத்துவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

இந்த முறை பட்டைத் தோல் என்று முடிவானது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டால் நிறம் ஏறும், ஆனால் தண்ணீரில் கரையாது. நைனாவின் வரப்பு நெடுக ஆவாரைதான். பாவா போய்க் கட்டுக் கட்டாக வெட்டி வந்து பட்டை உரித்தார். மறுபடி எல்லை தாண்டிப் போய் இன்னொரு கம்பளித் தோல் கொண்டுவந்தார். முதலில் நீர்த்த சாறு, பிறகு வாரா வாரம் கெட்டியான சாறு என்று நீல டிரம்மில் ஊறவைத்தோம். கிளறுகிற வேலையை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். ஆவாரம்பூ சாமிக்கு ஆகும் என்பதால் அதன் பட்டையும் ஆகும் என்பது அவர் கணக்கு. செவ்வாய்க்கிழமையும் கிளறினார். டிரம் டீக்கடை மாதிரி மணத்தது. எதிர் வீட்டுக்காரர்கூட ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, கஷாயமா என்று விசாரித்தார்.

தோல் தயாராகக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். அதுவரை நைனாவின் முதுகுக்கு அடியில் பருத்திப் போர்வை தவிர ஒன்றும் இல்லை. நர்ஸம்மா அந்த வாரம் வந்து புண்ணைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வையில், தலையாட்டின முதல் விஷயத்துக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் எழுதி நைனாவின் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். விடியற்காலை நான், ஏழுக்கும் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் அத்தை, ஒன்றுக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பாவா, மூன்றுக்கு அத்தை, ஐந்திலிருந்து நான், இரவெல்லாம் பாவா. ஒருவர் தனியாகத் திருப்ப முடியாத நேரத்தில் பக்கத்து வீட்டு மருமகள் வந்து கை கொடுத்தாள். திருப்பிவிட்டு உடனே போய்விட முடியாது. தோளுக்கும் முழங்காலுக்கும் தலையணை வைக்கணும், வலி அடங்குகிறதா என்று பார்க்கணும், குடிக்க ஏதாவது கொடுக்கணும். அதற்குள் பேச்சு வந்துவிடும். அத்தையும் நைனாவும் அவர்களுடைய அப்பா காலத்து மாமரம் ஒன்றின் பங்கைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அந்த மரம் விழுந்து இருபது வருஷம் இருக்கும். தினமும் பதினொரு மணிக்குச் சண்டை, மூன்று மணிக்குத் தொடர்ச்சி. பாவா எந்தத் தறிக்கு என்ன கோளாறு என்று சொல்வார், நைனா ஒருநாளும் தறி ஓட்டாதவர், ஆனாலும் யோசனை சொல்வார். அம்மையார்குப்பத்தில் ஒரு தறிக்கு அந்த யோசனை பலித்தது என்று பாவா சத்தியம் செய்கிறார்.

நான் விடைத்தாள்களை எடுத்துப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினேன். படிகாரத்தின் பயன்கள் இரண்டு எழுதுக என்ற கேள்விக்கு ஒரு பெண், திருஷ்டி போகும், அப்பா ஷேவ் பண்ணுவார் என்று எழுதியிருந்தாள். படித்துக் காட்டினேன். ரெண்டும் சரிதானே, முழு மார்க்கும் போடு என்றார் நைனா. அரைக்கு மேல் போட முடியாது என்றேன். அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் ஒன்று போட்டேன்.

அந்த மாதம் எங்கள் மூன்று பேருக்கும் முதுகு ஒடிந்தது. பாவா கடையில் கல்லாவின் மேல் தலைவைத்துத் தூங்கினார். நான் வகுப்பில் ஆவர்த்தன அட்டவணையைத் தொட்டுக்கொண்டே ஒரு நிமிஷம் தூங்கியிருக்கிறேன். ஆனால் புண் நெல்லிக்காயிலிருந்து சுண்டைக்காய் ஆனது. சுண்டைக்காய் மிளகு ஆனது. ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் முன்பு நர்ஸம்மா கட்டைப் பிரித்துவிட்டு, இனிமேல் கட்டு வேண்டாம் என்றார். புதுத் தோல் ரோஸ் நிறத்தில் மூடியிருந்தது.

தம்பி வந்த அன்று ஊரெல்லாம் பூக்காவடி. காரை ஊருக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, மஞ்சள் வேட்டிக் கூட்டத்தில் மிதிபட்டு நடந்து வந்து சேர்ந்தான். வந்ததும் நைனாவைத் திருப்பிப் பார்த்தான். விரல் நுனியால் அந்த ரோஸ் தோலைத் தொட்டான். பிறகு வாசலுக்குப் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் நைனாவை எங்கேயும் கொண்டுபோக மனசில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சென்னைப் பேச்சு அதோடு முடிந்தது.

அதே நாள் மாலையில்தான் பட்டைத் தோல் முழுசாகக் காய்ந்து இழுத்து முடிந்து வந்தது. பழுப்பு நிறம், கம்பளி இன்னும் அடர்த்தி. தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. நைனாவை அதன்மேல் படுக்கவைத்துத் தம்பி போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டான். நைனாவின் புண்ணை ஆற்றிய தோல் என்று எழுதினான். தோல் வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது என்பதை அவனும் யோசிக்கவில்லை, நானும் திருத்தவில்லை. மறுநாளிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. யார் யார் வீட்டிலோ யார் யாரோ படுத்திருந்தார்கள். எல்லாருக்கும் எத்தனை கிலோ பட்டைக்கு எவ்வளவு தண்ணீர் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பெருமையாகவே இருந்தது.

காலண்டர் தாளை யாரும் கிழிக்கவில்லை. பசை விட்டுத் தானாகவே விழுந்தது, விழுந்ததை அத்தை பெருக்கிவிட்டார். யாரும் நிறுத்தலாம் என்று சொல்லி நிறுத்தவில்லை. எனக்குக் காலாண்டுத் தேர்வு வந்தது. பாவாவுக்குத் தீபாவளி ஆர்டருக்குத் தறிகள் ஓய்வில்லாமல் ஓட ஆரம்பித்தன, மதியம் கடையைச் சாத்த முடியவில்லை. அத்தைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நல்ல தோல் இருக்கிறது, புண் ஆறிவிட்டது. காலையில் ஒருமுறை, மதியம் சாப்பாட்டுக்கு ஒருமுறை, இரவு ஒருமுறை நைனாவின் அறைக்குப் போனோம்.

புரட்டாசியில் நைனா தோல் அரிக்கிறது என்றார். கம்பளியைப் பிரித்துப் பார்த்தேன், பூச்சி இல்லை. வெயிலில் போட்டு எடுத்து விரித்தேன். மறுநாளும் அரிக்கிறது என்றார். தேங்காயெண்ணெய் தடவினேன். மூன்றாம் நாள், இதை எடுத்துடும்மா, அரிப்பு தாங்கல என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மாதம் ஊறவைத்த தோல். அத்தை கையெல்லாம் இன்னும் கறை. மறுநாள் காலையில் நர்ஸம்மா பார்க்க வந்து, பழைய இடத்தில் மறுபடி சிவந்திருக்கிறது, திருப்பிப் படுக்கவைக்கிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆங், வைக்கிறோம் என்று நான் பொய் சொன்னேன்.

அன்று பள்ளிக்குக் கிளம்பி நின்றவள் நைனாவின் அறைக்குப் போனேன். அவருடைய முதுகுப் பக்கம் கையை விட்டுத் தோலைத் தடவிப் பார்த்தேன். எங்கே அரிக்கிறது, இடத்தைக் காட்டுங்கள் நைனா, என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன் என்று கேட்டேன். டீச்சர் குரலில்தான் கேட்டிருப்பேன். அவர் காட்டவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அரிக்கல. நல்லாத்தான் கீது" என்றார். "இது இல்லாதப்போ ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தரு வந்துகினு இருந்தீங்க."

அத்தையைக் கூப்பிட்டேன். அவர் வீங்கின காலோடு வந்து தோளைப் பிடித்தார், நான் இடுப்பைப் பிடித்தேன். எந்தப் பக்கம் திருப்பட்டும் என்று நைனாவைக் கேட்டேன்.

"நீ உக்கார்ற பக்கம்" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்று முதல் பீரியடுக்கு நான் போகவில்லை.